கன்னியா, சிப்பிப்பாறையா?

ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே ஈத்து. ஆறு நாய்க்குட்டிகளில் நான்கு செவலை. மற்ற இரண்டும் கறுப்பு, புருவத்துக்கு மேலே மட்டும் ஆளுக்கு இரண்டு பழுப்புப் பொட்டு. செவலைக் குட்டிகளைச் சிப்பிப்பாறை என்று ஒருவர் வாங்கிப் போகிறார். கறுப்புக் குட்டிகளைக் கன்னி என்று இன்னொருவர் தூக்கிப் போகிறார். மதுரைக்குத் தெற்கே திருமங்கலம், கல்லுப்பட்டி, சாத்தூர், கோவில்பட்டி என்று விரியும் கரிசல் பூமியில் இப்படி ஓர் ஈத்து புதுமை அல்ல.

கூடப் பிறந்தவை எப்படி இரண்டு இனமாகும்? நாய் வளர்ப்பவர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி எழாமல் போகாது. இரண்டும் ஒன்றுதான், நிறம்தான் வேறு என்று ஒரு பெரியவர் சொல்வார். தலைக்கட்டைப் பார், காலைப் பார், இரண்டும் வேறுவேறு என்று அடுத்தவர் அடித்துச் சொல்வார். இருவருமே நாற்பது, ஐம்பது வருஷம் நாய் வளர்த்தவர்களாக இருப்பார்கள்.

அரசாங்கப் பட்டியல்களிலும் இந்த வழக்கு தீரவில்லை. 2020 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் மோடி ‘மனதின் குரல்’ வானொலி உரையில் இந்திய நாயினங்களை வளர்க்கச் சொன்னபோது ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று நான்கு தமிழக இனங்களைத் தனித்தனியாகச் சொன்னார். ஆனால், ஹரியானாவின் கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் நாட்டிலேயே முதன்முறையாக நாயினங்களைப் பதிவு செய்தபோது ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்தின் முதோல் என மூன்றே பெயர்கள்தான் இடம்பிடித்தன. கன்னி அந்த முதல் பட்டியலில் இல்லை.

மதுரையில் இன்று ஒரு குடும்பம் நாய்க்குட்டி வாங்கக் கிளம்பினால் இந்தக் குழப்பத்தோடு சேர்த்து இன்னும் பல குழப்பங்களைச் சந்திக்கிறது. செம்மண் நிறத்தில் ஒரு தெரு நாய்க்குட்டி கோம்பை என்று கைமாறுகிறது. கிரேஹவுண்டு கலந்த குட்டி சுத்தச் சிப்பிப்பாறை ஆகிவிடுகிறது. குட்டைக்கால் கலப்புக் குட்டி ஜாக் ரஸ்ஸல் டெரியர் என்று செல்போன் படத்தில் வருகிறது. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் நாய்களுக்கு இடையே எந்த வித்தியாசம் முக்கியம், எது வெறும் பெயர் என்று தெரிந்துகொள்வது வாங்குகிறவருக்கும் நல்லது, அந்த உயிருக்கும் நல்லது.

நிறத்திலிருந்தே தொடங்கலாம். பிளஸ் டூ விலங்கியலில் படித்த ஓங்கு பண்பும் ஒடுங்கு பண்பும்தான் இங்கேயும் வேலை செய்கின்றன. நாயின் மேல்நிறத்தைத் தீர்மானிக்கும் ஒரு மரபணுவில் செவலைக்கான வடிவம் ஓங்கியது, கறுப்பும் பழுப்புப் பொட்டுமான வடிவம் அதற்கு ஒடுங்கியது. தாயும் தகப்பனும் செவலையாகவே இருக்கலாம். இருவருக்குள்ளும் அந்தக் கறுப்பு வடிவம் ஒளிந்திருந்தால், சராசரியாக நான்கில் ஒரு குட்டி கறுப்பாகப் பிறக்கும். மறுபக்கம், இரண்டு கருங்கன்னிகளைச் சேர்த்தால் குட்டிகள் கறுப்பாகவே வரும், செவலைக்கு வழியில்லை. “எங்க கன்னி தலைமுறை தலைமுறையா கறுப்புக் குட்டிதான் போடுது, தனி இனமா இல்லாட்டி இப்படி நடக்குமா?” என்ற வாதம் கேட்க வலுவாக இருந்தாலும் தனி இனத்துக்கு அது சான்று ஆகாது. ஒரே ஒரு மரபணு அதைச் செய்துவிடும். செவலை, மயிலை, சாம்பல், கருங்கன்னி, பால்கன்னி என்று கரிசல்காட்டுக்காரர்கள் நாய்க்குச் சொல்லும் பெயர்களில் பாதி நிறத்தைக் கொண்டே அமைந்தவை. மாட்டுக்கும் இதே பெயர்களைத்தான் சொல்வார்கள்.

இதனால் கன்னி என்று ஓர் இனமே கிடையாது என்று முடிவு கட்டிவிட முடியாது. நிறம் பார்த்துப் பிரித்து, பிரித்ததைத் தங்களுக்குள்ளேயே சேர்த்து, பல தலைமுறை காத்துவந்தால் நிறத்தோடு வேறு குணங்களும் உடலமைப்பும் நிலைபெறத்தான் செய்யும். அப்படிக் காத்துவந்த குடும்பங்கள் தென்மாவட்டங்களில் உண்டு. எந்த இடத்தில் கோடு போடுவது என்பது மனிதர்கள் எடுக்கும் முடிவு.

அப்படி எடுத்த முடிவுக்கு உலகம் அறிந்த உதாரணம் இங்கிலாந்தின் டெரியர் நாய்கள். நார்விச் டெரியர் என்று ஒரு சின்ன நாய், முழங்காலுக்கும் கீழே 25 செ.மீ. உயரம்தான். அதில் சிலவற்றுக்குக் காது விறைத்து நிற்கும், சிலவற்றுக்கு மடிந்து தொங்கும். 1932-ல் இங்கிலாந்து கென்னல் கிளப் இரண்டையும் ஒரே இனமாக ஏற்றது. 1964-ல் அதே கிளப் மடிந்த காதுக்காரர்களை நார்ஃபோக் டெரியர் என்று தனி இனமாக்கியது. அமெரிக்காவில் அவை 1979 வரை ஒரே இனமாகவே இருந்தன. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகள் ஒரே நாய், அட்லாண்டிக் கடலுக்கு அந்தப்பக்கம் ஓர் இனம், இந்தப்பக்கம் இரண்டு இனம்!

ஜாக் ரஸ்ஸல் கதை இதைவிடச் சுவையானது, நம் ஊர் வாங்குபவருக்கு அதிகம் பயன்படுவதும்கூட. டெவன் பகுதியில் வாழ்ந்த ஜான் ரஸ்ஸல் பாதிரியாருக்கு நரி வேட்டையில் பைத்தியம். 1819-ல் ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பால்காரரிடம் ‘ட்ரம்ப்’ என்ற வெள்ளைப் பெட்டையை வாங்கினார். அதன் வம்சத்திலிருந்து வந்தவை என்று சொல்லப்படும் நாய்கள்தான் இன்று இரண்டு பெயரில் இருக்கின்றன. கால் நீண்டு 35 செ.மீ. அளவில் நிற்பது பார்சன் ரஸ்ஸல், 1990-ல் இங்கிலாந்தில் அங்கீகாரம் பெற்றது. கால் குட்டையாக 25 முதல் 30 செ.மீ. இருப்பது ஜாக் ரஸ்ஸல், அதற்கு 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த வித்தியாசம் வெறும் அழகு பார்த்துப் போட்ட கோடு அல்ல. குதிரைகளோடும் மோப்ப நாய்களோடும் மைல்கணக்கில் ஓடி வந்து நரியின் வளையில் இறங்க வேண்டிய நாய்க்கு நீண்ட கால் தேவை. வளை இருக்கும் இடம் வரை தூக்கிப்போய் இறக்கிவிடும் நாய்க்குக் குட்டைக் கால் போதும். வேலை வேறு, அதனால் உடம்பும் வேறு.

கரிசல் நாய்களையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் தெளிவு பிறக்கும். கம்பும் சோளமும் பருத்தியும் விளைந்த மானாவாரிக் காட்டில் மறைவு குறைவு. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சமவெளி. அங்கே முயலைப் பிடிக்க மோப்பம் பிடித்துக்கொண்டு நின்றால் ஆகாது, பார்த்த கணத்தில் பாய வேண்டும். நீண்ட முகம், ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு, வளைந்த முதுகு, சாட்டை வால் என்ற சிப்பிப்பாறை உடம்பு அந்தப் பாய்ச்சலுக்காக அமைந்தது. உயரம் சுமார் 63 செ.மீ. கன்னிக்கும் இதே உடம்பு, இதே வேலை. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் முயல் வேட்டை குற்றம். வேலை போய்விட்டது, அந்த வேலைக்கான உடம்பும் மனசும் மட்டும் மாட்டுத்தாவணிப் பக்கத்து அபார்ட்மென்ட் வரை வந்து சேர்ந்திருக்கின்றன.

ஆகவே கன்னியா சிப்பிப்பாறையா என்று வாங்குகிறவர் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டில் வைத்து வளர்ப்பவருக்கு இரண்டும் ஒரே நாய்தான், ஒரே கவனிப்புதான். ஆனால் சிப்பிப்பாறைக்கும் ராஜபாளையத்துக்கும், ராஜபாளையத்துக்கும் கோம்பைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரியாமல் வாங்கினால் பாடுதான்.

சிப்பிப்பாறை வாங்கிய மதுரைக்காரருக்கு முதலில் வருவது அக்கம்பக்கத்தாரின் கேள்வி. “ஏண்ணே, நாய்க்குச் சோறு போடுறதில்லையா?” விலா எலும்பு கடைசி இரண்டு மூன்று லேசாகத் தெரிவது இந்த உடம்புக்கு இயல்பு. ஊர் வாய்க்குப் பயந்து பிரியாணியும் பிஸ்கட்டுமாகக் கொடுத்துக் கொழுக்கவைத்தால் கால் மூட்டுக்குத்தான் கேடு. அடுத்தது கழுத்துப்பட்டை. இந்த நாயின் தலை கழுத்தைவிட அகலமில்லை. சாதாரண பெல்ட்டைப் போட்டுக் காலையில் வைகைக் கரைப் பக்கம் நடக்கக் கூட்டிப்போனால், ஒரு பட்டாசுச் சத்தம் போதும். நாய் முன்னே இழுக்காது. பின்னே நகரும், தலையைத் தாழ்த்தும், காதை ஒட்டவைக்கும், அவ்வளவுதான். பெல்ட் கையில் இருக்கும், நாய் ரோட்டில் இருக்கும். அகலப் பட்டையாக, இழுத்தால் ஓரளவு இறுகும் வகையாக வாங்க வேண்டும். மார்பைச் சுற்றிக் கட்டும் வார் இன்னும் நல்லது. சுற்றுச்சுவர் இல்லாத இடத்தில் அவிழ்த்துவிடவே கூடாது. அணிலோ பூனையோ கண்ணில் பட்டுவிட்டால் எஜமானின் குரல் அதன் காதில் ஏறாது. பழகிய ஒருவரிடம் உயிரையே வைத்திருக்கும், புது ஆளைக் கண்டால் ஒதுங்கும். வருகிறவர் போகிறவர் எல்லாரும் கொஞ்ச வேண்டும் என்று விரும்புகிற வீட்டுக்கு இது தோதான நாய் அல்ல.

இன்னொன்று, கால்நடை மருத்துவரிடம் சொல்ல வேண்டிய சேதி. கொழுப்பே இல்லாத இந்தவகை ஓட்ட நாய்களில், கிரேஹவுண்டில் கண்டறிந்தபடி, தயோபென்டோன் போன்ற சில மயக்க மருந்துகள் உடம்பிலிருந்து இறங்க நெடுநேரம் எடுக்கும். கருத்தடை அறுவைக்குக் கொண்டுபோகும்போது ‘நாட்டு நாய்’ என்று பொதுவாகச் சொல்லாமல் இனத்தைச் சொல்லிவிடுவது அதன் உயிரைக் காக்கும்.

ராஜபாளையம் வேறு வகை. மதுரையிலிருந்து 85 கி.மீ. தொலைவில் இருக்கும் ஊரின் பெயரையே தாங்கிய இந்த நாய் 65 முதல் 75 செ.மீ. வரை உயரும். எலும்பு கனம், மார்பு அகலம். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண். 2005-ல் அஞ்சல்துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது முதோல், ராம்பூர், இமாலய நாய் ஆகியவற்றோடு தமிழகத்திலிருந்து இடம்பிடித்தது இதுதான். அதே அஞ்சல்துறையில் தமிழகத் தலைமைப் பொறுப்பில் இருந்து ஓய்வுபெற்ற சு.தியடோர் பாஸ்கரன் 2017-ல் இந்திய நாய்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு முழுநூலே எழுதினார். நாட்டு நாய்களை மறந்துபோன படித்த வர்க்கத்துக்கு அவற்றைத் திரும்ப அறிமுகம் செய்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

எல்லாரும் ஆசைப்படும் அந்த வெள்ளையிலேயே ராஜபாளையத்தின் பெரிய துன்பமும் இருக்கிறது. தோலுக்கும் மூக்குக்கும் நிறம் கொடுக்கும் செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அங்கே அவை இல்லாமல் போனால் கேட்கும் நரம்புச் செல்கள், குட்டி பிறந்த சில வாரங்களுக்குள் செத்துவிடும். குட்டி செவிடாகிவிடும். இது ராஜபாளையத்துக்கு மட்டும் வந்த சாபம் அல்ல. இங்கிலாந்தின் புல் டெரியரில் வெள்ளை நாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு ஒரு காதாவது கேட்காது. நிறமுள்ள புல் டெரியர்களில் அது நூற்றில் ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதே இனம், நிறம் ஒன்றே வேறு. நிறம் வெறும் மேற்பூச்சாக நின்றுவிடாமல் உடம்புக்குள்ளும் வேலை செய்யும் இடம் இது.

குட்டி வாங்கப் போகிறவர் இதைக் கண்டுபிடிக்க முடியுமா? ஓரளவு முடியும். ஈத்து முழுவதும் ஒன்றாக இருக்கும்போது செவிட்டுக் குட்டி தெரியவே தெரியாது. கூட இருப்பவை தலை தூக்கினால் அதுவும் தூக்கும், ஓடினால் அதுவும் ஓடும். ஆகவே குட்டியைத் தனியே வேறு இடத்துக்கு எடுத்துப்போக வேண்டும். அது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் சற்றுத் தள்ளி நின்று சாவிக்கொத்தை ஆட்ட வேண்டும். தரையில் தட்டக் கூடாது, அதிர்வு காலில் தெரிந்துவிடும். பக்கத்தில் நின்று கைதட்டவும் கூடாது, காற்று முதுகில் படும். தூங்கும்போது ஒரு முறை, விளையாடும்போது ஒரு முறை என்று செய்து பார்ப்பது நல்லது. ஒரு காது மட்டும் கேட்கிற குட்டியை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஒலி கேட்கும்போது காதிலிருந்து மூளைக்குப் போகும் மின் அலையை அளக்கும் கருவிச் சோதனைதான் வழி. செவிட்டுக் குட்டி கொன்றுபோட வேண்டிய குட்டியும் அல்ல. கைச்சாடையில் பழக்கினால் நன்றாகவே பழகும். அதை வைத்துக் குட்டி எடுக்கக் கூடாது, ரோட்டில் அவிழ்த்துவிடக் கூடாது.

கோம்பையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தேனியைத் தாண்டி, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் உத்தமபாளையம் பக்கம் இருக்கும் ஊர் கோம்பை. செம்பழுப்பு உடம்பு, கரிய வாய்ப்பகுதி, திரட்சியான தோள். ஓட்டக்காரன் அல்ல, காவல்காரன். தோட்டம், மாட்டுத் தொழுவம் என்று காக்க இடம் இருந்தால் அதற்கு நிகர் இல்லை. இரண்டு அறை வீட்டில் கட்டிப்போட்டால் அதன் முரட்டுத்தனம் முழுவதும் வீட்டுக்காரர் மீதே திரும்பும்.

டெரியர் வாங்குகிறவர்கள் இன்னொரு மனநிலையில் வருகிறார்கள். வீடு சின்னது, நாயும் சின்னது, பொருந்திப்போகும் என்று நினைக்கிறார்கள். ஜாக் ரஸ்ஸல் அளவில் சின்னது, ஆனால் அலுக்காமல் மணிக்கணக்கில் வேலை செய்வதற்காக வளர்த்தெடுத்த நாய். வேலை கொடுக்காவிட்டால் தானே ஒன்றைத் தேடிக்கொள்ளும். மதுரை வீடுகளில் அந்த வேலை கொல்லைப்புறத்தில் காத்திருக்கிறது: பெருச்சாளி. வளை தோண்டிப் பெருச்சாளியைக் கவ்விக்கொண்டு வரும்போது வீட்டுக்காரருக்குப் பெருமையாக இருக்கலாம். ஆனால் எலிச் சிறுநீர் வழியே பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் அழிக்கும், மனிதருக்கும் தொற்றும். டெரியர் வைத்திருப்பவர் தடுப்பூசி அட்டையில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வருஷம் தவறாமல் போட வேண்டும்.

டெரியர் என்ற பொதுப் பெயர் எவ்வளவு பெரிய குழப்பத்தைக் கொண்டுவரும் என்பதை 2024-ல் நாடே பார்த்தது. அந்த ஆண்டு மார்ச் 12 அன்று மத்திய கால்நடைத் துறை 23 வகை நாய்களைத் தடை செய்யும்படி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபோர்ட்ஷயர் டெரியர் என்று பெயர் சொல்லிக் குறித்ததோடு, ‘டெரியர்கள்’ என்று பொதுவாகவும் ஒரு சொல் அந்தப் பட்டியலில் இருந்தது. மடியில் உட்காரும் யார்க்‌ஷயர் டெரியரும் அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடும். ஏப்ரல் மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தக் கடிதத்தை ரத்து செய்து, சம்பந்தப்பட்டவர்களின் கருத்தைக் கேட்டபின் முடிவெடுக்கச் சொன்னது. மே மாதம் சென்னைப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. அந்த அதிர்ச்சியில் தமிழக அரசும் தடை அறிவித்தது, உடனே அதைத் திரும்பப் பெற்றது.

அந்தக் குழந்தைக்கு நேர்ந்தது யாருக்கும் நேரக் கூடாது. அதைத் தடுக்க வேண்டுமானால் எந்த நாய் எது என்று அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும், அங்கேதான் சிக்கல். பிட்புல்லும் அமெரிக்கன் ஸ்டாஃபோர்ட்ஷயரும் ஒரே மந்தையிலிருந்து வந்தவை. அமெரிக்காவில் ஒரு சங்கம் 1898-ல் பிட்புல் என்ற பெயரில் பதிவு செய்தது. இன்னொரு சங்கம் அதே வகை நாய்களை 1936-ல் ஸ்டாஃபோர்ட்ஷயர் என்று பதிந்தது, 1972-ல் முன்னால் ‘அமெரிக்கன்’ சேர்த்தது. பிரிட்டனில் 1991-ம் ஆண்டுச் சட்டப்படி பிட்புல் டெரியர் தடைசெய்யப்பட்ட நாய். அதற்கு உறவுக்கார இனமான ஸ்டாஃபோர்ட்ஷயர் புல் டெரியர் அங்கே குடும்பங்களின் செல்லம். பிட்புல்லோ, அதைப்போல ஒன்றோ வாங்க நினைக்கும் மதுரைக்காரர், விற்பவர் சொல்லும் பெயரை நம்புவதில் பயனில்லை. தாய் தகப்பனின் குணம் என்ன, குட்டி எந்த வயதிலிருந்து மனிதரோடும் பிற நாய்களோடும் பழகியது, தெருவில் வாய்ப்பூட்டோடு கூட்டிப்போகத் தன் கைக்குப் பலம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் இந்த வகை வேண்டாம் என்பதே இந்தக் கட்டுரையின் கருத்து.

வெயிலையும் மறக்க முடியாது. சித்திரை மாத மதுரையில் ஹஸ்கியும் பக்கும் மூச்சு வாங்குவதைக் காண மனம் பொறுக்காது. 2024-ல் தமிழக அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்குப் பொருந்தாத ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் உள்ளிட்ட 11 வெளிநாட்டு இனங்களைப் பெருக்குவதைத் தடுக்கச் சொல்லி, நாட்டு இனங்களைக் காக்க முன்னுரிமை தந்தது. வரவேற்க வேண்டிய அக்கறை இது. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: நாட்டு நாய்க்கு நோயே வராது என்ற நம்பிக்கை ஆண்டுதோறும் குட்டிகளைக் கொல்கிறது. பார்வோ வைரஸ் இனம் பார்ப்பதில்லை. ரத்தக் கழிச்சலில் குட்டி இரண்டே நாளில் சுருண்டுபோகும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு நான்கு மாதம் வரை தவணை ஊசிகள், மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் ஊசி என்ற வரிசை ராஜபாளையத்துக்கும் உண்டு, ஜாக் ரஸ்ஸலுக்கும் உண்டு.

வாங்கும்போது சட்டமும் துணைக்கு இருக்கிறது. 2017-ம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி, குட்டி எடுத்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. முப்பதே நாளில் தாயிடமிருந்து பிரித்த குட்டி, எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைக் கூடப் பிறந்தவற்றிடம் கற்காமலே வீட்டுக்கு வருகிறது. அந்தப் பாடத்தைப் பின்னால் வீட்டுப் பிள்ளைகளின் கையில்தான் கற்கும்.

படம் பார்த்து முன்பணம் அனுப்புவதைவிட நேரில் போவது நல்லது. ராஜபாளையமோ சாத்தூரோ மதுரையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். தாயை அவிழ்த்து நடக்கவிடச் சொல்லி, அதன் காலையும் முதுகையும் பார்க்கலாம். புது ஆளிடம் உறுமுகிறதா, ஒதுங்குகிறதா, முகர்ந்து பார்த்துவிட்டு அமைதியாகிறதா என்று கவனிக்கலாம். போன ஈத்துக் குட்டிகள் எங்கே வளர்கின்றன என்று கேட்டு, முடிந்தால் அதில் ஒன்றையும் பார்த்துவிடலாம். தாயைக் காட்டத் தயங்குகிற இடமென்றால் குட்டியைக் கையில் வாங்காமலே வண்டியைத் திருப்பிவிட வேண்டியதுதான். மடியில் ஒருமுறை ஏறிவிட்ட குட்டியை இறக்கிவைக்கப் பிள்ளைகள் விடமாட்டார்கள்.